கஓர் வைன் மணந்த சேர்ட்

என் அன்பு அப்பா,

நீங்கள் வேலை செய்த ரெஸ்ரோறன்ற் குசினியில், அதே அடுப்படியில், இப்போது நான்தான் நிற்கிறேன். பதினாறு முடிந்ததும் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். அம்மாவைக் கோபிக்காதீர்கள். முடிவு என்னுடையது.

முதல் நாளே ஷெஃப் ஒரு வைன் போத்தலைத் திறந்து தந்து, மாட்டிறைச்சி மூழ்கும்வரை ஊற்றச் சொன்னார். லேபலில் கஓர் என்று ஊரின் பெயர் இருந்தது. ஊற்றும்போது சிவப்பே தெரியவில்லை. அந்த ஊர்ப் பக்கத்தில் இதைக் கறுப்பு வைன் என்றுதான் சொல்வார்களாம். மூன்றாவது போத்தல் தெறித்து என் சேர்ட் நனைந்தது.

அப்பா, அது உங்கள் மணம்.

வன்னியிலிருந்து இந்த நாட்டுக்கு வந்து உங்களுக்குக் கிடைத்த முதல் வேலை இந்தக் குசினி. பியர்ஃபித்தில் எங்கள் வீட்டுக் கதவை நீங்கள் திறக்கும்போதே அந்த மணம் வரும். "நான் குடிக்கேல்லை பிள்ளை, இறைச்சி ஊறப்போட்டனான்" என்பீர்கள். அம்மா முகத்தைத் திருப்புவார். நான் சோபாவின் மற்றப் பக்கத்துக்கு நகர்வேன். எத்தனை தடவை நகர்ந்தேன்?

ஒருநாள் போத்தலிலிருந்து உரித்த லேபல் ஒன்றைக் கொண்டுவந்தீர்கள். அதில் வளைந்து வளைந்து போகும் ஆறு, கரையெல்லாம் திராட்சைத் தோட்டம்.

"காகோர்ஸ். ஒருக்கா எல்லாரும் ரெயினில போய்ப் பாப்பம்."

"கஓர், அப்பா. பிரெஞ்சில கடைசி எழுத்தைச் சொல்லக்கூடாது." ரிவியிலிருந்து நான் கண்ணை எடுக்கவில்லை.

"ஓம், நீ படிக்கிற பிள்ளை" என்று சிரித்தீர்கள்.

காலை வேலை முடித்து வந்த நீங்கள் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் மெத்ரோ ஸ்ரேசன் படியில் விழுந்தது பட்டப்பகலில். நீங்கள் போனது மாரடைப்பில் என்று டொக்ரர் சொன்னார். எங்கள் ஆட்கள் குடி என்றார்கள். உங்களைக் குனிந்து பார்த்துவிட்டுப் போன அண்ணை ஒருவர் செத்தவீட்டுக்கு வந்து அழுதார். "மணந்தது அக்கா. வெறியில கிடக்கிறார் எண்டு நினைச்சிட்டன்." அம்மா தலை நிமிரவில்லை. அந்த அண்ணையை நான் எப்படி வெறுக்க? நானும் நகர்ந்தவள்தானே.

அந்த முதல் நாள், வீட்டுக்குப் போகும் ரெயினில், எனக்குப் பக்கத்தில் இருந்த தமிழ் அன்ரி மூக்கைப் பொத்திக்கொண்டு எழும்பிப் போனார். "இந்த வயசிலயே, பொம்பிளைப் பிள்ளை" என்று போனில் யாருக்கோ சொன்னார். உங்களுக்கும் ஒவ்வொரு நாளும் இப்படித்தானா இருந்தது?

அம்மா வேலையால் வருமுன் சேர்ட்டைத் தோய்த்துவிட்டேன். அடுத்த நாளிலிருந்து குசினியிலேயே உடுப்பு மாற்றுகிறேன். அங்கே நான் கோப்பை மட்டும் கழுவுவதாக அம்மா நினைக்கிறார். இப்போதும் உங்கள் படத்துக்கு விளக்கு வைத்துவிட்டு, "குடியாமல் இருந்திருந்தால்" என்று தொடங்கி நிறுத்திவிடுவார். நான் எழும்பி அறைக்குள் போய்விடுகிறேன். நீங்கள் ஒருநாளும் உடுப்பு மாற்றிக்கொண்டு வந்ததில்லை. ஒளிக்க உங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை.

நாளைக்கு நானும் மாற்ற மாட்டேன். அப்படியே வந்து அம்மாவை ஒட்டி இருப்பேன். "மணந்து பாருங்கோ அம்மா. நான் ஒரு துளியும் குடிக்கேல்லை. அப்பாவும் குடிக்கேல்லை" என்று சொல்வேன். அவர் எழும்பி மற்றப் பக்கத்துக்குப் போனால், நானும் அங்கே போய் இருப்பேன்.

உங்களைப் போலவே மணக்கும் மகள்,
வானதி