மாமனார் கொடுத்த வெள்ளைத் துணி

அன்பு மகள் அய்சொல்தானுக்கு, தெஜெனிலிருந்து அம்மா எழுதுவது. நீ நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஐந்து வேளைத் தொழுகையிலும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். இங்கே நானும் தாத்தாவும் அந்தத் திமிர் பிடித்த ஒட்டகமும் இருக்கிறோம், வேறென்ன சொல்ல. அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், கம்பளிக் காலுறை போடாமல் வெளியே போகாதே, நீ பார்த்துக்கொள்ளும் அந்தக் கிழவியைத் தூக்கும்போது முட்டியை மடக்கித் தூக்கு, இடுப்பு போய்விடும். இனி எழுதப்போவதைப் போனில் சொல்ல முடியாது, தாத்தாவுக்குக் கண் போனதிலிருந்து பாம்புக் காது. அதனால்தான் இஸ்தான்புல் வரும் பக்கத்து வீட்டு ஜெரனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நீ இங்கே இருந்தவரை நீதான் எனக்கு வாய். தாத்தா முன்னால் தலைத்துணி முனையைப் பல்லில் கடித்து யாஷ்மக் போட்டுக்கொண்டு நிற்பேன், உன் காதில் சொல்வேன், நீ அவரிடம் சொல்வாய். "உங்கம்மாவுக்கு நாக்கே இல்லையா, இல்ல உனக்குச் சீதனமா குடுத்துட்டாளா?" என்று உன்னைக் கிண்டல் செய்வார். மாமனாராக மனம் வைத்து ஒரு துணி கொடுத்துப் பேசச் சொன்னால்தான் மருமகள் வாய் திறக்கலாம். மற்ற வீடுகளில் பிள்ளை பிறந்ததுமே கொடுத்துவிடுகிறார்கள். இவருக்கு மறதியோ வீம்போ, கொடுக்கவே இல்லை. எனக்கு அது தீராத குறைதான், எத்தனை ரொட்டி சுட்டுப் போட்டிருப்பேன் இந்த மனுஷனுக்கு. நீ போன பிறகு, ஒரு முறை இருமினால் ஆமாம், இரண்டு முறை இருமினால் இல்லை என்று எங்களுக்குள் ஒரு வழக்கம் வந்தது. குருடர் முன்னால் யாருக்காகக் கடிக்கிறாய் என்று ஜெரன் கேலி செய்வாள். அவர் பார்க்காவிட்டால் என்ன, எனக்குத் தெரியாதா?

உன் அப்பா அங்கே வேலைக்கு வந்த இடத்தில் கண்ணை மூடியதிலிருந்து, வாயில் கடிக்கும் அந்தத் துணிதான் என்னைக் காப்பாற்றியது. கிழவர் நெஞ்சு தாங்காது, மூச்சு விடக்கூடாது என்று உன் சித்தப்பாக்கள் சொல்லிவிட்டார்கள். நாற்பதாம் நாள் சாப்பாட்டைக்கூடச் சின்னவன் வீட்டிலேயே முடித்தார்கள். மகன் பேசினானா என்று தாத்தா கேட்டால் நான் தேநீர்க் கெண்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவேன். வாயை மூடியவள் பொய் சொல்ல வேண்டியதில்லை பார்.

போன செவ்வாய்க்கிழமை காலை அவருக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். தலையணைக்கு அடியிலிருந்து ஒரு வெள்ளைப் பட்டுத் துணியை எடுத்து நீட்டினார். "ரொம்பத் தாமதமாயிடுச்சு தாயி, மனசுல வச்சுக்காத. இனிமே யாஷ்மக் வேண்டாம், வாயத் தொறந்து பேசு" என்றார். கெண்டியைக் கீழே வைத்தேன். பல்லிலிருந்து துணியை விட்டு, "மாமா" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னேன். சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. அவரும் சிரித்து, குரல் நன்றாகத்தானே இருக்கிறது, நான்தான் முட்டாள் என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பசங்க சொல்றத நான் நம்பல தாயி. நீ பொய் சொல்லமாட்ட. என் மவன் நூர்கெல்தி எங்க?" என்று கேட்டார்.

இதற்காகத்தான் கொடுத்தாரா என்று எனக்கு ஒரு நொடி கோபம்கூட வந்தது மகளே. ஆனால் பெற்றவர் கேட்கிறார், என்ன செய்வேன். திறக்க விடமாட்டார்களா என்று காலமெல்லாம் ஏங்கிய வாயை, திறந்த அன்றே நானே துணி முனையைக் கடித்து மறுபடியும் மூடிக்கொண்டேன். அவர் காத்திருந்தார். தேநீர் ஆறிப்போயிற்று. பிறகு மெதுவாக, "நாப்பதாம் நாள் சோறு போட்டாச்சா?" என்று கேட்டார். நான் ஒரு முறை இருமினேன்.

இரண்டு கைகளாலும் முகத்தைத் தடவி ஓதிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள்தான் பேசினார். எனக்குத் தெரியும் என்று பையன்களிடம் சொல்லாதே, பாவம், அவ்வளவு கஷ்டப்பட்டு மறைத்திருக்கிறார்கள் என்றார். உன்னைப் பற்றித்தான் அவருக்குத் தாங்கவில்லை. "அந்தப் புள்ள போன்ல, அப்பா வேலைக்குப் போயிருக்காருன்னு சொல்றப்பல்லாம் குரல் உடையுது. தனியா மண்ணு போட்டுட்டு வந்த புள்ள, எனக்காகவும் பொய் சொல்லணுமா?" என்றார்.

ஜெரனிடம் உனக்குப் பிடித்த உலர்ந்த முலாம்பழம் கொடுத்திருக்கிறேன், வேளைக்குச் சாப்பிடு. ஆண்டவன் உன்னை எந்தக் கண்ணும் படாமல் வைக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, வெள்ளிக்கிழமை போன் செய்யும்போது அப்பா வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லாதே. பேச்சு வராவிட்டால் இருமு, தாத்தாவுக்குப் புரியும்.

உன் அம்மா
ஓகுல்நபாத்