என்ன பட்டிச்சு, தம்பி?

தம்பி,

எழுத்து கோணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன். ஆனாலும் வரி மேலே ஏறுகிறது, கீழே இறங்குகிறது, அலையில் கிடக்கும் தோணி மாதிரி. 'ழ' வரும் இடத்தில் இன்னமும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். இந்த நாலு வரி எழுதுவதற்குள் தேத்தண்ணீர் ஆறிவிட்டது. ஆனால் எழுதியது நான்தான், வேறு யாரும் இல்லை. நினைத்தால் சிரிப்பு வருகிறது.

இன்று காற்று பலம். தோணி கரையில் கிடக்கிறது. பேனை தேடி அலுமாரியைத் திறந்தபோது உங்களுடைய பிஸ்கட் டின் கையில் பட்டது. மூடியைத் தூக்கியதும் அந்த மணம் வீடு முழுக்கப் பரவிவிட்டது. நீங்கள் போன இடங்களிலெல்லாம் எரித்த சாம்பிராணியின் மிச்சம், ஊதுபத்தித் துண்டு, பேர் தெரியாத மரப்பட்டை, கறுப்புப் பிசின். "வீட்டில வச்சா தங்கச்சி குப்பையில போட்டிருவா, நானா. உங்கட வீட்டில கிடக்கட்டும்" என்று தந்துவிட்டுப் போனீர்கள். இரவில் நுளம்பு கடிக்கிறது என்று என் மனைவி அதிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் புகை போட்டுவிட்டாள். கேட்டதற்கு, "எந்த நாட்டுச் சாமான் எண்டாலும் நம்ம நுளம்புக்கு ஒண்டுதான்" என்றாள். நீங்கள் இருந்திருந்தால் இதைப் பேப்பரில் போட்டிருப்பீர்கள்.

முதல் நாள் நினைவிருக்கிறதா? பள்ளிவாசல்துறைக் கரையில் நாங்கள் வலையை ஏற்றித் தோணியைத் தள்ளிக்கொண்டிருந்தோம். தோளில் கமராப் பையோடு வந்து நின்று, "நானா, எங்க போறீங்க?" என்று சொந்த அண்ணனைக் கேட்பதுபோல் கேட்டீர்கள். எல்லோரும் தள்ளுவதை நிறுத்திவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்தில் தோணியைத் திரும்பக் கரையில் ஏற்றிவிட்டு மணலில் குந்திவிட்டேன்.

"என்ன மனுசன் நீங்க! கடலுக்குப் போறவனப் பாத்து அப்படிக் கேக்குறதா?"

"ஏன் நானா? கேட்டா என்ன?"

"கேட்டா மீன் படாது. இனித் திரும்பி வந்து, தண்ணி குடிச்சு, கொஞ்ச நேரம் இருந்துட்டுத்தான் போக ஏலும்."

"அப்ப எப்படித்தான் கேக்குறது?"

"போகக்குள்ள ஒண்டும் கேக்கக் கூடாது. வந்த பொறகு, என்ன பட்டிச்சு எண்டு கேளுங்க."

பள்ளிக்கூடப் பிள்ளையைப் போல் தலையாட்டிவிட்டு என் பக்கத்தில் மணலில் குந்திக்கொண்டீர்கள். அன்று தொடங்கியது நம்முடைய கதை. உச்சமுனைப் பக்கம் போகும்போதெல்லாம் உங்களை ஏற்றிக்கொண்டு போனேன். ஆனால் தோணியில் உங்களைப் போல் தொல்லை பிடித்த ஆளை நான் கண்டதில்லை. வாய் மூடியிருக்கும், கால் மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும். பலகை கிறீச் கிறீச்சென்று சத்தம் போடும்.

"தம்பி, கால நிப்பாட்டுங்க. மீன் ஓடுது."

"இது நிக்குற இடத்தத் தேடித்தான் நானா ஊர் ஊரா அலையுறேன்."

அதை நான் பகிடி என்று நினைத்தேன். நீங்கள் பகிடியாகச் சொல்லவில்லை. செய்தி எழுதப் போகும் நாடுகளில், செய்தியை அனுப்பிவிட்டு, நீங்கள் தேடிப் போனது வேறு இடங்களை. வெள்ளை அங்கியோடு சுழன்று சுழன்று அல்லாஹ்வின் பேர் சொல்லித் திக்ர் செய்கிற ஆட்களிடம் இருந்தீர்கள். பனி மலையில் குகைக்குள் பேசாமல் இருக்கும் சாமியிடம் போனீர்கள். பாலைவனத்தில் மணியடித்து எழும்பும் கிறிஸ்தவத் துறவிகளோடு ரொட்டி சுட்டீர்கள். ஜப்பானில் ஒரு மடத்தில், கண்ணை மூடி இருக்கும்போது தூங்கி விழுந்தால் தோளில் தடியால் அடிப்பார்கள் என்று சொன்னீர்கள்.

"அந்த அடிய நமக்கு ஓதித் தந்த லெப்பைக்கிட்டயே வாங்கியிருக்கலாமே. பிளேன் காசு மிச்சம்" என்றேன். களப்புத் தண்ணீர் அதிரச் சிரித்தீர்கள். அன்று நிச்சயமாக மீன் ஓடியிருக்கும்.

ஒவ்வொரு முறை திரும்பி வந்ததும் நான் கரையில் நின்று கேட்பேன்: "என்ன பட்டிச்சு, தம்பி?" ஒரு முறை, "குஞ்சு மீன், திரும்பக் கடல்ல விட்டுட்டேன்" என்றீர்கள். இன்னொரு முறை, "வலை கிழிஞ்சிச்சு நானா" என்றீர்கள். அன்று முழுக்க என் பக்கத்தில் மணலில் குந்தியிருந்தீர்கள். கால் மட்டும் ஆடியது.

கடைசியாக வந்தபோது தலை நன்றாக நரைத்திருந்தது. பாலாவிச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றோம். சீமெந்து லொறிகள் தூசியைக் கிளப்பிக்கொண்டு போயின. "நானா, நீங்க வாசிக்கப் படிங்க. பெரிசா ஒண்டு பட்டா எனக்கு வாயால சொல்ல வராது. எழுதித்தான் அனுப்பணும். முதல்ல உங்களுக்குத்தான்" என்றீர்கள். எந்த நாடு, எந்த மலை என்று நான் கேட்கவில்லை. போகிறவனைக் கேட்கக் கூடாது.

உங்கள் கடிதத்துக்காகத்தான், எழுத்துத் தெரியாத பெரியவர்களுக்கு நடத்தும் அந்தி வகுப்பில் போய்ச் சேர்ந்தேன். அங்கே எல்லோரும் பெண்கள், நான் ஒருவன்தான் ஆண். "நானா, வலை பின்னுற கையால 'ஞ'னா போடுங்க பாப்பம்" என்று கேலி செய்வார்கள். டீச்சரும் சிரிப்பார். போட்டுக் காட்டினேன். பிறகு என் கண்ணுக்கு ஓய்வே இல்லை. பஸ் பலகை, மருந்துக் குப்பி, மீன் பெட்டி, எது அகப்பட்டாலும் வாசித்தேன். ஒரு காலையில் சாப்பாட்டுக்குப் பாண் சுற்றி வந்த பழைய பேப்பரில் உங்கள் படம் இருந்தது. எழுத்துக் கூட்டினேன். உங்கள் பெயர் வந்தது. 'மூத்த பத்திரிகையாளர்' என்பதும் வந்தது. அதற்கடுத்த சொல் எனக்குப் புதுசு. கா, ல, மா, னா, ர். கூட்டி முடித்ததும் சரியாக வாசித்துவிட்டேன் என்று சந்தோஷமாக மனைவியைக் கூப்பிட்டேன். அவள் வந்து நின்ற பிறகுதான் அந்தச் சொல் எனக்கு விளங்கியது.

'வெளிநாட்டில்' என்று மட்டும் போட்டிருந்தது. மிச்சம் கிழிந்துபோயிருந்தது.

அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை, தம்பி. ஐந்து நேரமும் உங்களுக்காகக் கையேந்துகிறேன். தொழுது முடித்து எழும்பியதும் அதே கேள்வி வந்து நிற்கிறது. அந்தக் கால் எங்கேயாவது நின்றதா? உங்களுக்குப் பட்டதா? கடிதமும் வரவில்லை, சொல்வதற்கு யாரும் இல்லை. அதனால் நானே வெளிக்கிட்டேன். போன கிழமை தலவில மாதா கோயிலுக்குப் போய்க் கடைசி வாங்குப் பலகையில் இருந்தேன். முழங்கால் நோவைத் தவிர ஒன்றும் வரவில்லை. வெளியே வரும்போது ஒரு அம்மா, கண்ணாடியை மறந்து வந்துவிட்டதாகச் சொல்லி, பூசை நேரப் பலகையை வாசிக்கச் சொன்னார். தொப்பி போட்ட என்னைத்தான் கேட்டார். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தேன். "மெதுவா எண்டாலும் தெளிவா வாசிக்கிறீங்க" என்றார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எனக்குள் சிரிப்பு. இது குஞ்சு மீன்தான். ஆனால் நான் திரும்பக் கடலில் விடமாட்டேன்.

மகன் ஏசுகிறான். "வாப்பா, இந்த வயசில என்னத்தத் தேடுறீங்க?" மனைவி இப்போது அடுப்படியிலிருந்து சத்தம் போடுகிறாள்: "கால நிப்பாட்டுங்க, மேசை ஆடுது!" குனிந்து பார்த்தேன். உண்மைதான், வலது கால் தன்பாட்டில் ஆடிக்கொண்டிருக்கிறது. நீங்கள் டின்னை மட்டும் என்னிடம் விட்டுப் போகவில்லை. எழுத்து கோணலானதற்கும் இதுதான் காரணம், வகுப்பைக் குறை சொல்லக் கூடாது.

இனிக் கேட்டால் உங்கள் மீன் கலையாது என்பதால் கேட்கிறேன். எங்க போனீங்க, தம்பி?

வருகிற செவ்வாய் உடப்பு இந்துக் கோயில் பக்கம் போகிறேன். அங்கே எனக்கு என்ன பட்டது என்று வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து இதே மேசையில் எழுதுவேன். கால் ஆடினால் ஆடட்டும்.