நாலு விரற்கடை கூடிய கார்

வல்வெட்டித்துறை,
விய வருடம் ஆவணி மாதம் 3ஆந் திகதி.

அன்புள்ள மகன் பஞ்சலிங்கத்துக்கு ஐயா எழுதுவது. முத்துமாரி அம்மன் காவலில் இங்கே நானும் உன் அம்மாவும் தங்கச்சி இராசமலரும் சுகமாக இருக்கிறோம், என் வலது முழங்காலைத் தவிர, அது வழக்கம் போல மடங்க மறுக்கிறது. ஈப்போவில் உன் உடம்பு தேறி, யுத்தத்தில் இழந்த சதை திரும்பப் பிடித்திருக்கும் என்று நம்பியிருக்கிறோம். நீ வைகாசி மாதம் எழுதிய கடிதம் கிடைத்தது. யுத்தம் முடிந்த பிறகு வந்த மூன்றாவது கடிதம் அது. முதல் இரண்டையும் உன் அம்மா சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். மூன்றாவதை அங்கே வைக்க நான் விடவில்லை.

காரணம் அதன் கடைசி இரண்டு வரி. கார் இதற்குள் துருப்பிடித்துப் போயிருக்கும், நாகலிங்கம் மாமா பார்த்து யாருக்கேனும் விற்றுவிடட்டும் என்று எழுதியிருந்தாய். அன்று நான் மத்தியானச் சோறு சாப்பிடவில்லை. மகனே, நாலு வருடம் உன்னிடமிருந்து ஒரு துண்டுக் காகிதம் வரவில்லை. ஈப்போவில் குண்டு விழுந்தது என்றார்கள், உன்னைப் போல ரயில்வேயில் வேலை செய்தவர்களை யப்பான்காரர் சயாமுக்குக் கொண்டுபோனார்கள் என்றார்கள். அந்த நாளில் உன் மாமா ஒரு வெள்ளிக்கிழமை வந்து, உன் அம்மா அடுப்படிக்குப் போகும் வரை பார்த்திருந்து, "அத்தான், கார் சும்மா கிடந்து பழுதாப் போகுது. வித்துப்போட்டுப் பொடியன்ரை பேரிலை கோயிலிலை ஒரு அன்னதானம் குடுப்பம்" என்றான். அவன் சொல்லாமல் விட்டது எனக்கு விளங்கியது. "ஆருக்கடா அன்னதானம், உயிரோடை இருக்கிறவனுக்கோ?" என்று கேட்டேன். அதன் பிறகு அவன் இரண்டு மாதம் இந்தப் பக்கம் வரவில்லை. அன்று தொடக்கம் எனக்குக் காரை விற்பதும் நீ இல்லை என்று சொல்வதும் ஒன்றுதான். இதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை, உன் அம்மாவிடமும் சொல்லவில்லை. ஊர் முழுவதும் சொல்லியும் விற்காமல் வைத்திருந்த காரை நீயே, உயிரோடு இருந்து, உன் கையெழுத்தாலே விற்கச் சொன்னால் நான் எங்கே போவது?

கடிதம் வந்த மறுநாளே கார் நிற்கிற கொட்டிலைத் திறந்தேன். நீ 39இல் போன பிறகு சனிக்கிழமை தவறாமல் எஞ்சினை முடுக்கி வைத்தவன் நான். 42இல் பெற்றோல் அருகியதும் அந்தக் காரைப் பாய்க்கப்பலைக் கரையேற்றுகிற முறையிலேயே கரையேற்றினேன். சில்லுகளைக் கழற்றி, அச்சைக் குற்றிகளின் மேல் தூக்கி, கை எட்டிய இரும்பு மரம் எல்லாவற்றிலும் சுறா எண்ணெய் மூன்று பூச்சு பூசி, பிளக் துவாரங்களால் எஞ்சினுக்குள்ளும் வார்த்தேன். முப்பது வருடம் தண்டையலாகக் கப்பல் நடத்தியவன் நான், உப்புக்காற்று ஒன்றையே எதிரியாக நினைத்தேன். நிலத்திலிருந்து கறையான் வரும் என்பது கடலில் கிடந்தவனுக்கு நினைவில் வரவில்லை. குற்றி வழியாக ஏறி, உள்பக்கத் தோலுக்கும் வெளித் தகரத்துக்கும் இடையில் எண்ணெய் போகாத பக்கத்தால் புகுந்து, உடம்பைத் தாங்குகிற மரச்சட்டம் முழுவதையும் தின்றுவிட்டது. கையை வைக்க அப்பளம் போல நொறுங்கியது. இரும்பில் மட்டும் ஒரு பொட்டுத் துருவும் இல்லை. இதை நீ நன்றாகக் கவனி, துருப்பிடித்திருக்கும் என்று எழுதியவன் நீ. குற்றிகளைத் தந்தவன் நாகலிங்கம் என்பதையும் எழுதிவைக்கிறேன்.

பட்டணத்தில் கார் திருத்துகிற கராச்சிலிருந்து சூசைதாசனைக் கூப்பிட்டேன். கொட்டில் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு, "தண்டையலார், உது காரோ, கருவாடோ?" என்று கேட்டான். பிறகு உள்ளே போய்த் தட்டிப் பார்த்துவிட்டு, எஞ்சின் உயிரோடு இருக்கிறது, ஆனால் சட்டத்துக்குச் சீமை மரம் வேண்டும், இங்கே இல்லை, எழுதி எடுப்பித்தால் இரண்டு வருடம் என்றான். உன் மாமா இதற்காகவே காத்திருந்தவன் போல, சுன்னாகத்துத் தோட்டக்காரன் தியாகராசா என்று ஒருவனைக் கூட்டிவந்தான். அவனுக்கு எஞ்சின் மட்டும் போதும். புகையிலைத் தோட்டத்துக் கிணற்றில் வைத்துத் தண்ணீர் இறைக்கப் போகிறானாம். பதுளைத் தோட்டத்துத் துரை பந்தயம் ஓடிய காரின் எஞ்சின், நீ உன் முதல் விடுமுறையில் வாங்கி மூன்று நாள் ஓட்டிக்கொண்டு வந்து இந்த வாசலில் நிறுத்திய கார், கிணற்றுக் கட்டில் குந்தியிருக்கப் போகிறது! நான் முடியாது என்றேன். உன் அம்மாவின் முன்னால் வைத்து மாமா சொன்னான், "நல்லூர்த் திருவிழாவுக்குக் கொடி ஏறமுன்னம் உது தன்ரை பலத்திலை றோட்டுக்கு வந்தால் நான் இனி வாய் திறக்கன். வராட்டில் எஞ்சினைக் குடுத்துப்போடுங்கோ." சரி என்றேன். சொன்ன சொல்லை நான் மாற்றமாட்டேன் என்பது அவனுக்குத் தெரியும், அதை நம்பித்தான் கேட்டான். கையில் இருந்தது ஐந்து கிழமை.

சீமை மரம் இல்லாவிட்டால் வேம்பு இருக்கிறது. இந்தக் கரையில் வேம்பால் கட்டிய கப்பல்கள் இரங்கூன் வரை போய் வந்தன, நாலு சில்லு உருள்வதைத் தாங்காதா? முருகேசு ஓடாவியைக் கூப்பிட்டேன். கப்பலுக்கு விலா எலும்பு வளைக்கிற கை. அவர் வந்து, உளுத்த சட்டத்தைக் கோலால் அளந்து, விரலை மடக்கிக் கணக்குப் பார்த்துவிட்டு உளியைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார். "ஏரம்பர், உந்த நீளம் மனையடிக்கு ஆகாத கழுதைக் கணக்கிலை விழுது. வெள்ளைக்காரன் அறியாமல் செய்துபோட்டான். நான் அறிஞ்சு செய்யமாட்டன். நாலு விரற்கடை கூட்டினால் யானையிலை விழும்." மனையடி சாத்திரம் வீட்டுக்குத்தானே, இதற்கு எதற்கு என்று கேட்டேன். "மனிசர் குந்தியிருக்கிற எல்லாத்துக்கும் உண்டு" என்றார். மூன்று நாள் வாதாடினோம். சூசைதாசன் தலையில் கை வைத்துக்கொண்டு, நாலு விரற்கடை நீண்டால் தகரம் எட்டாது, ஆசனம் பின்னுக்குப் போய்விடும் என்று கத்தினான். ஆசனம் பின்னுக்குப் போகும் என்றதும் நான் வாதத்தை நிறுத்தினேன். லொறி ஓட்டிப் பழகி 38இலேயே நான் லைசன்சு எடுத்தவன், ஆனால் உன் காரில் மட்டும் ஒரு நாளும் குந்த முடியாது, மடங்காத முழங்கால் முன் பலகையில் தட்டும். கயிறு போட்டு அளந்து பார்த்தேன். எனக்குக் குறைந்திருந்த இடம் சரியாக நாலு விரற்கடை. ஆகவே ஓடாவி வென்றார் என்று நீ நினைக்க வேண்டாம். நான் என் காலுக்காகச் சம்மதித்தேன். எட்டாத இடத்துக்கு மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி ஒட்டுப்போட்டோம், பச்சைப் பூச்சு அடித்த பிறகு உனக்கே தெரியாது.

கொடியேற்றத்துக்கு முதல் நாள் காலை உன் மாமா தியாகராசாவோடு வந்தான். எஞ்சினை ஏற்றிப்போக ஒரு மாட்டு வண்டிலும் கொண்டுவந்து, வாசலில் கொட்டிலைப் பார்த்த மாதிரி நிறுத்தியிருந்தார்கள். அவ்வளவு நம்பிக்கை! சூசைதாசன் கைப்பிடியைச் சுற்றினான், பிறகு நான் சுற்றினேன், பிறகு இருவரும் மாறி மாறிச் சுற்றினோம். ஒரு இருமல் கூட இல்லை. சூசைதாசன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, பிளக்குக்கு நெருப்புக் கொடுக்கிற மக்னீற்றோ செத்துவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றான். மாமா மதிலில் சாய்ந்து நின்று, "சாவியை இஞ்சாலை தாங்கோ அத்தான், வெய்யில் ஏறுது" என்றான். மகனே, காரோடு வந்த புத்தகத்தில் இருக்கிற இங்கிலீசு எனக்குத் தெரியாது, படங்கள் தெரியும். ஏழு வருடமாக அந்தப் படங்களைப் பார்த்திருக்கிறேன். பிளக்குகளைக் கழற்றினேன். நான் வார்த்த சுறா எண்ணெய் நாலிலும் பிசின் போல ஒட்டியிருந்தது, நெருப்பு எப்படி வரும்? அவற்றைத் தேய்த்துத் துடைத்து உன் அம்மாவிடம் கொடுத்து, தாச்சியில் போட்டுச் சிவக்க வறுக்கச் சொன்னேன். "இதுக்கு உப்பு, தூள் ஒண்டும் வேண்டாமோ?" என்று கேட்டுக்கொண்டு வறுத்தாள். சூடு ஆறமுன் சீலைத் துண்டால் பிடித்துப் பூட்டி, ஒரே ஒரு சுற்று.

பிடித்தது! தெருவில் பீரங்கி வெடித்த மாதிரிப் பிடித்தது. எஞ்சினுக்குள் கிடந்த சுறா எண்ணெய் எல்லாம் வெள்ளைப் புகையாய்க் கிளம்பி ஊர் முழுவதும் மீன் பொரித்த மணம். அந்தச் சத்தத்துக்கும் புகைக்கும் மாடுகள் மிரண்டு, தியாகராசா ஏறியிருந்த வண்டிலோடு உடுப்பிட்டிப் பக்கம் ஓட்டம் பிடித்தன. உன் மாமா வாயைத் திறந்தபடி நின்றான். நான் ஏறிக் குந்திக் காலை நீட்டினேன், முழங்கால் எங்கும் தட்டவில்லை. "ஏறு, உன்ரை ஆளைப் பிடிக்க வேண்டாமோ?" என்றேன். வேறு வழியின்றி ஏறினான். அந்தத் தெருவில் நான் எவ்வளவு வேகம் போனேன் என்று எழுதினால் உன் அம்மா வாசிப்பாள். மாமா இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டு, "அத்தான் மெல்ல, அத்தான் மெல்ல" என்று வழி முழுவதும் தேவாரம் போலச் சொல்லிக்கொண்டு வந்தான். உடுப்பிட்டிச் சந்தி தாண்டி மாடுகள் ஒரு வேலியில் பூவரசங் குழை தின்று நின்றன. தியாகராசா வண்டிலை விட்டு இறங்கவே இல்லை. "தண்டையலார், உந்தச் சத்தத்தைத் தோட்டத்திலை வைச்சால் என்ரை புகையிலை வேரோடை எழும்பி ஓடும். எனக்கு வேண்டாம்" என்றான். நான் மாமாவைப் பார்த்து, கார் ஓடுதோ என்று கேட்டேன். அவன் மாடுகளைப் பார்த்துக்கொண்டு, "ஓம்" என்றான். நாலு வருடம் காத்திருந்த ஓம்.

மறுநாள் உன் அம்மாவை அதே காரில் நல்லூருக்குக் கொண்டுபோனேன். இருபது மைலும் நிற்காமல் ஓடியது. மணத்துக்கு மூக்கில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு வந்தாள். கோயில் வீதியில் ஆட்கள் கூடிவிட்டார்கள், ஆருடைய கார் என்று கேட்டார்கள். நான் பதில் சொல்லமுன் அவள் தலைப்பை எடுத்துவிட்டு, "என்ரை மகன்ரை. அவன் மலாயாவிலை இருக்கிறான்" என்றாள். கேட்டவருக்கும் சொன்னாள், கேளாதவருக்கும் சொன்னாள். இருக்கிறான் என்ற சொல்லை அவள் வெளியில் ஒருவருக்குச் சொல்லி நாலு வருடத்துக்கு மேல் இருக்கும்.

இனி என் தீர்மானம். கார் உன் பெயரில் பதிந்தது, விற்கிற அதிகாரம் உனக்கு உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கடிதத்தில் விற்க முடியாது. மாமாவைக் கொண்டும் விற்க முடியாது. நீ இங்கே வந்து, இந்த வாசலில் நின்று, என் முகத்தைப் பார்த்து, "ஐயா, வில்லுங்கோ" என்று உன் வாயால் சொல்ல வேண்டும். சொன்னால் அன்றைக்கே விற்பேன். அதுவரை சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை ஓடும்.

கொதித்த தண்ணீரே குடி. மழையில் நனைந்த உடுப்போடு இருக்காதே. லீவு எப்போது கிடைக்கும் என்று சுற்றி வளைக்காமல் ஒரு திகதி எழுது. றப்பர் விளைகிற நாட்டில் இருக்கிறாய், வரும்போது பத்தொன்பது அங்குலச் சில்லுக்கு இரண்டு டயர் கொண்டு வா, பின் டயர்கள் இரண்டும் நீ வரும் வரைதான் தாங்கும். அம்மனும் நல்லூரானும் உனக்கு நீண்ட ஆயுளும் திடமான உடம்பும் தரட்டும்.

இப்படிக்கு,
விற்காத உன் ஐயா,
வே. ஏரம்பு.