முழு வேகத்தில் நின்ற காற்றாடி

11.6.2025, புதன்
மழை. முட்டி வலி குறைவு. பேத்தி துளசி சோலார் பேட்டரி கரண்டைக் குறைத்து மேசைக் காற்றாடிக்குக் கொடுக்கும் பலகை ஒன்று செய்கிறாள். எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி; ஒயரைப் பார்த்தாலே பெருமையாக இருக்கிறது. அடுத்த புதன் பாலிடெக்னிக்கில் காட்ட வேண்டும். ஓடாவிட்டால் இன்னொரு செமஸ்டர். ஈப்போவில் கிடைத்திருக்கும் வேலையும் போய்விடும்.

13.6.2025, வெள்ளி
அவள் குளிக்கப் போனதும் விளக்கேற்றினேன். பலகையின் ஓரத்தில் சந்தனப் பொட்டு வைத்தேன். நான் வேலை பார்த்த சுங்காய் தோட்டத்தில் புது மிஷின் வந்தால் பொட்டு வைத்து, முதல் ஓட்டத்தை முழு வேகத்தில் விடுவோம். அதே மாதிரி காற்றாடியின் வேகம் கூட்டும் குமிழை முழுக்கத் திருப்பினேன். ஜோராகச் சுற்றியது. கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது.
அணைத்தேன். பொட்டைத் துடைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

14.6.2025, சனி
துளசி போட்டால் ஓடுகிறது. ஆனால் ஈரச் சந்தனம் உள்ளே இறங்கியிருந்தால்? அங்க போய் எல்லார் முன்னாலயும் நின்னுட்டா? சொல்லித் தொலையேன் கிழவி —

15.6.2025, ஞாயிறு
சொல்லிவிட்டேன். அவளோடு சேர்ந்து செய்யும் பவித்ரனும் இருந்தான்.
"பாட்டி! போர்டுல சந்தனமா?" முகம் சிவந்துவிட்டது அவளுக்கு. பிறகு, "எவ்ளோ திருப்புனீங்க?"
"முழுசா."
"நாம முழுசா வச்சுப் பாக்கவே இல்லையேடா," என்றாள் அவனிடம்.
திருப்பினார்கள். சுற்றியது, நின்றது. குறைத்ததும் மறுபடி சுற்றியது.
"சந்தனம் இல்ல பாட்டி. எங்க தப்பு."
டிரான்சிஸ்டர் ஒரு கதவு மாதிரியாம். திறந்து திறந்து மூடித்தான் கரண்டைக் குறைக்கிறது. அதைத் திறந்து பிடிப்பது டிரைவர் என்ற சில்லு. அந்த டிரைவருக்குக் கரண்டு, அதைச் சேர்த்து வைக்கும் ஒரு சின்ன கெபாசிட்டரில் இருந்து வருகிறது. கதவு மூடும் நேரத்தில்தான் அது நிரம்பும். முழுக்கத் திருப்பினால் கதவு மூடுவதே இல்லை, கெபாசிட்டர் காலி, டிரைவர் கையை விட்டுவிடுகிறது. சாப்பிட விடாமல் வேலை வாங்கினால் யார்தான் நிற்பார்கள்? எனக்கு நன்றாகவே புரிந்தது.
"சார் வந்தா மொதல்ல அதத்தான் திருப்புவாரு லா," என்றான் பவித்ரன். "பாட்டி காப்பாத்திட்டாங்க."
முருகா, திட்டு வாங்கப் போனவளுக்கு இப்படி ஒரு வார்த்தை.

16.6.2025, திங்கள்
டிரைவருக்கென்று தனியாக ஒரு சின்ன பவர் சப்ளை வாங்கி வந்து பொருத்தினார்கள். விரல் நுனி அளவுதான்.
"இதுக்கும் பொட்டு வைக்கிறீங்களா பாட்டி?" — அந்தப் பயலுக்கு வாய் அதிகம். இரண்டு தோசை கூடப் போட்டேன்.

18.6.2025, புதன்
சார் முழுக்கத் திருப்பிவிட்டுத்தான் கேள்வியே ஆரம்பித்தாராம். இருபது நிமிடம். நிற்கவில்லை. போனில் அவள் அழுததில் பாதி புரியவில்லை. நானும் அழுதேன். நன்றி, நன்றி, யார் யாருக்கென்று எழுத?

4.8.2025, திங்கள்
பகல் பன்னிரண்டரைக்கு ஈப்போ வேலையிடத்திலிருந்து துளசி போன் செய்தாள். "பாட்டி, இந்த கன்டீன் சம்பல்ல உப்பே இல்ல லா. இங்க எல்லாரும் வீட்டுச் சாப்பாடுதான் கொண்டு வராங்க."
நாளைக்கு நெத்திலி வாங்க வேண்டும், சம்பலுக்கு.