டோரீன் சொன்ன ‘கொசிப்’

சட்டன், லண்டன்
ஐப்பசி 2004

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா? நானும் பிள்ளையும் நல்ல சுகம்.

ரெலிபோனில் சொல்லாத ஒன்றை இப்போது எழுதுகிறேன், பயப்படாதீர்கள். குறித்த நாளுக்கு மூன்று கிழமை முந்தியே எனக்குப் பிள்ளைப்பேற்று வலி வந்தபோது உங்கள் மருமகன் வேலையில் நின்றார், போனில் பிடிக்க முடியவில்லை. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி டோரீன்தான் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். "நீங்கள் இவவுக்கு ஆர்?" என்று நர்ஸ் கேட்டதற்கு, "நான் இவளின்ரை கொசிப்" என்றார்.

எனக்கு வலியிலும் சிரிப்பு வந்தது. "கொசிப் எண்டால் ஊர்வம்பு எல்லே?" என்றேன்.

"இப்பத்தான் அப்பிடி. முந்தி, கடவுளின்ரை பேரால் உறவான ஆளைத்தான் அப்பிடிச் சொன்னவை. பிறகு, பிள்ளைப்பேறுக்குத் துணையிருக்கிற பொம்பிளையளுக்கும் அந்தப் பேர். அவை பயம் தெரியாமல் இருக்கக் கதைச்சுக்கொண்டே இருப்பினம். கடைசியிலை அந்தக் கதைதான் சொல்லிலை மிஞ்சினது."

பிறகு என் கையை விடாமல் தெருவிலுள்ள வம்பு முழுவதையும் சொன்னார். நாலாம் வீட்டுக்காரர் பூனைக்கு முடி வெட்டப்போய்க் கடிவாங்கிய கதையில் நான் சிரித்துக்கொண்டிருக்கும்போதே உங்கள் பேத்தி பிறந்துவிட்டாள்.

அம்மா, பிள்ளை பெற்ற எனக்குப் பத்தியக் கறி வைக்கச் சரக்குத்தூள் அனுப்பிவிடுங்கள். எவ்வளவு போடுவது என்றும் எழுதுங்கள், கேட்க இங்கே ஒருவரும் இல்லை.

பிள்ளை டோரீனைப் பெரியம்மா என்று கூப்பிடட்டுமா? நீங்கள் சம்மதித்தால்தான். அம்மம்மா என்று கூப்பிட உங்களைத் தவிர ஒருவரையும் விடமாட்டேன், விசா கிடைத்தவுடன் வாருங்கள்.

பிள்ளை அழுகிறாள், எழும்புகிறேன்.

உங்கள் மகள்
குமுதினி