நூல் காட்டிய குறுக்குவழி

என் மகளுக்கு,

உன் அறையிலிருந்த உலக உருண்டையை எடுத்துக்கொண்டேன், கோபித்துக்கொள்ளாதே. உன் கல்யாணச் செய்தி வந்த அன்று நான் பூட்டிய கதவை, ஆறு வருடம் கழித்து நானே திறந்ததைப் பார்த்து உன் அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள்.

எதற்கும் விசாரித்து வைப்போமே என்று போன இடத்தில், டிக்கெட் போடும் பெண் காட்டிய படத்தில் விமானம் வடக்கே பனிக்கடல் வரை மேலேறி, வில்லாக வளைந்து உன் ஊரில் இறங்கியது. "ஏம்மா, நேரா போனா என்னவாம்?" என்று சண்டை பிடித்தேன்.

"இதுதான் சார் குறுக்குவழி. பதிமூவாயிரம் கிலோமீட்டர், பதினஞ்சு மணி நேரம்" என்று சிரித்தாள்.

முப்பது வருடம் துணி வெட்டிய தையல்காரனிடமா இந்தக் கதை? உருண்டையில் நம் ஊரிலிருந்து உன் ஊருக்கு, நான் நினைத்த நேர்வழியிலேயே நூல் வைத்தேன். இழுத்துப் பிடித்ததும் அது தானாக நழுவி மேலேறி, பனியைத் தொட்டுக்கொண்டு நின்றது. இரண்டு விரற்கடை நூல் மிச்சம்!

எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. தோள் வளைவில் டேப்பை இழுத்துப் பிடித்தால் இப்படித்தான் நழுவிக் குறுக்குவழி பிடிக்கும், தினமும் பார்ப்பதுதான். உலகத்துக்கும் அப்படி ஒரு தோள் இருப்பது இத்தனை நாள் எனக்குத் தோன்றவே இல்லை.

உன் அம்மா நூலைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "இவ்ளோதானா?" என்றாள்.

உன் குழந்தைக்குச் சட்டை தைக்கத் தோள் அளவு கேட்டு எழுதத்தான் உட்கார்ந்தேன். அனுப்ப வேண்டாம். அடுத்த மாதம் டேப்போடு நானே வருகிறேன்.

மாப்பிள்ளையையும் வீட்டில் இருக்கச் சொல். அவருக்கும் அளவெடுக்க வேண்டும்.

உன் அப்பா