குளத்தில் விட்ட தங்கமீன்கள்

அன்புள்ள ஏட்ரியனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் என் முழங்கால் வலியும் சேர்ந்தே சௌக்கியம். பெர்த்தில் நீயும் மருமகளும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே செஷயரில் மழை விட்டபாடில்லை, பீன்ஸ் கொடியை நத்தை தின்றுவிட்டது, உன் அக்கா ஜில் புது வேலையில் சேர்ந்து ஓய்வில்லாமல் அலைகிறாள். சாப்பிடக்கூட நேரமில்லையாம், நீயாவது ஒரு போன் போட்டு விசாரி.

இனி எழுத வேண்டியதை எழுதுகிறேன். நான் மண்வெட்டி பிடித்து வெட்டிய தோட்டத்துக் குளத்தில் நீர்ப்பல்லிகள், முதுகில் கொண்டையும் வயிற்றில் ஆரஞ்சுமாக, தாமாக வந்து குடியேறியபோது நீ போனில் சிரித்தாய், ஞாபகம் இருக்கும். அவை கிடைப்பதற்கு அரியவை, தொட்டாலே சட்டம் கேள்வி கேட்கும். இந்த வருஷமும் இலைக்கு ஒரு முட்டையாக மடித்து வைத்திருந்தன. நீ மே மாதம் வந்து போன பிறகு ஒரு குஞ்சைக்கூடக் காணோம். குனிந்து பார்த்தால் தங்கமீன்கள், கொழுகொழுவென்று. குஞ்சுகளையெல்லாம் அவைதான் தின்று தீர்த்திருக்கின்றன.

எனக்குப் பக்கத்து வீட்டு நெவில்மேல்தான் முதலில் சந்தேகம் வந்தது. குளம் இருக்கும் நம் கீழ்த்தோட்டத்தை வாங்கி வீடு கட்ட அலைகிறவர் அவர், நீர்ப்பல்லி இருந்தால் அனுமதி லேசில் கிடைக்காது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் மனைவி பெரில் ஓடி வந்து, "டோரீன், அவரத் திட்டாதீங்க. ஏட்ரியன்தான் செடிக்கடையில மீன் வாங்கினான், நான்தான் கார்ல கூட்டிட்டுப் போனேன். அம்மாவுக்குப் பொழுது போகட்டும்னு சொன்னானே, உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். "என் பிள்ளை அப்படிப்பட்டவன் இல்ல" என்று கத்தினேன். நெவில் தலையைக் குனிந்துகொண்டு, "குளத்துல பல்லி இல்லேன்னா அம்மா வித்துடுவாங்கன்னு அவன்தாங்க சொன்னான்" என்றார். திட்டிய வாயாலேயே அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

கீழ்த்தோட்டத்தை விற்கலாமா என்று நீ கேட்டபோது முடியாது என்றேன், நீயும் சரி என்றாய். கோபித்துக்கொண்டு பேசாமல் போயிருந்தால்கூட ஆறியிருக்கும். நீர்ப்பல்லி வாழும் குளங்களைக் கணக்கெடுக்க வந்த பெண், மீன் எப்படி வந்தது என்று கேட்டாள். "தெரியலையேம்மா, யாரோ வளர்க்க முடியாம விட்டுட்டாங்க போல" என்றேன். உனக்காகப் பொய் சொன்னேன். அவளிடம் நல்ல சேதியும் கேட்டேன், தாய்ப்பல்லிகள் கரையில் கற்களுக்கடியில் பிழைத்திருக்குமாம். இலையுதிர் காலத்தில் நீரை இறைத்து மீன்களைப் பிடித்துத் தொட்டியில் விடப் போகிறோம், நெவிலும் வாளியோடு வருகிறேன் என்றிருக்கிறார். கீழ்த்தோட்டம் என் காலத்தில் விலைக்கு இல்லை.

புறப்படும்போது என்னைக் கட்டிக்கொண்டாயே, உன் சட்டைக்கை ஈரமாக இருந்தது. பிள்ளை பாத்திரம் கழுவி வைத்துவிட்டுப் போகிறான் என்று நான் பூரித்துப் போனேன்.

வெயிலில் தொப்பியில்லாமல் அலையாதே. குழந்தைக்கு என் முத்தங்கள். கடவுள் உங்கள் மூவரையும் ஒரு குறையுமின்றி வைக்கட்டும். அடுத்த முறை வரும்போது மணியை அடி, சாவியைப் பூந்தொட்டிக்கடியில் வைப்பதை விட்டுவிட்டேன். நான் வந்து திறக்கிறேன்.

உன் அம்மா,
டோரீன்